தேவ சித்தமும் மறுரூபமும்: காத்திவாக்கத்தை முன்வைத்து உரோமர் 12:2 குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ வாழ்வில் 'தேவ சித்தம்' என்னும் தொடர், நேர்ந்ததை ஏற்றுக்கொள்ளும் ஆறுதல்மொழியாகப் பெரிதும் வழங்குகிறது. உரோமர் 12:2 அதனை, மனம் புதிதாவதன் வழியே பகுத்தறிய வேண்டிய ஒன்றாகக் காட்டுகிறது. இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்புச் சொற்கள், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்வும் காப்பியமும், வடசென்னைக் காத்திவாக்கத்தின் சூழல் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தேவ சித்தம், திருவுளம், மறுரூபம், பகுத்தறிதல், இரட்சணிய யாத்திரிகம், காத்திவாக்கம்.

முன்னுரை

இழப்பு நேர்ந்த வீட்டில் 'எல்லாம் தேவ சித்தம்' என்று கூறுவது தமிழ்க் கிறித்தவரிடையே இயல்பான வழக்கு.  துயருற்றோர்க்கு இச்சொல் தரும் ஆறுதல் பொய்யன்று. ஆயின் மனிதர் செயலால் விளைந்த தீங்கிற்கும் இதே சொல்லை இடும்போது செய்தவரின் பொறுப்பு மறைந்துவிடுகிறது. எனவே, இறைவனின் விருப்பம் எது என்பதை ஒருவர் எவ்வாறு அறிகிறார் என்னும் வினா வாழ்வியல் வினாவாகவும் அமைகிறது.

சித்தமும் திருவுளமும்

சைவ சித்தாந்தம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கனுள் ஒன்றாகச் சித்தத்தைக் கொள்ளும். உள்ளத்தைக் குறிக்கும் இச்சொல்லையே 1871-இல் வெளியான ஐக்கிய மொழிபெயர்ப்பு இறைவனின் விருப்பத்திற்கு ஆண்டது. 1995-இல் வெளியான திருவிவிலியம் 'திருவுளம்' என்றது. இரண்டும் உள்ளம் சார்ந்த சொற்கள். ஊழ், விதி என்னும் சொற்களை இரு மொழிபெயர்ப்புகளும் இவ்விடத்தில் கொள்ளவில்லை. ஊழ் தன் போக்கில் வந்து உறுவது. உள்ளமோ உறவினால் அறியப்படுவது. ஒருவரோடு நெருங்கிப் பழகாமல் அவர் உள்ளத்தை அறிதல் இயலாது. ஆகவே தேவ சித்தத்தை ஊழின் மறுபெயராகக் கொள்வது அச்சொல்லின் பொருளுக்கே முரணாகிறது.

வேஷமும் மறுரூபமும்

உரோமர் 12:2-இல் இரண்டு கிரேக்க வினைகள் எதிரெதிராக நிற்கின்றன. முதலாவது, புறவடிவைக் குறிக்கும் 'ஸ்கேமா' என்பதன் அடியாகப் பிறந்தது. ஐக்கிய மொழிபெயர்ப்பு அதற்கு 'வேஷம்' என்னும் சொல்லைப் பொருத்தியது. இரண்டாவது 'மோர்ஃபே' என்பதன் அடியாகப் பிறந்தது. அதற்கு 'மறுரூபம்' ஆளப்பட்டது. கிரேக்கத்தில் இவ்வேறுபாட்டை எல்லா இடங்களிலும் கண்டிப்பாகப் பொருத்த இயலாது எனினும், இவ்வசனத்தின் எதிர்நிலையைத் தமிழ்ச் சொற்கள் தெளிவாக உணர்த்துகின்றன. இயேசு மலைமீது மறுரூபமான நிகழ்ச்சியிலும் (மத்தேயு 17:2, மாற்கு 9:2), 2 கொரிந்தியர் 3:18-இலும் இதே கிரேக்க வினை வருகிறது. அவ்விடங்களிலும் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'மறுரூபம்' என்றே கூறுவதால் அந்தத் தொடர்பு தமிழிலும் காக்கப்பட்டுள்ளது.

இலக்கண நிலையில் மூன்று கருத்துகள் கருதத்தக்கன. இவ்வினை நிகழ்கால ஏவலாதலின் மாற்றம் தொடர்ந்து நிகழ்வது, ஒருநாளில் முடிவதன்று. பன்மை ஏவலாதலின் அது தனியொருவர்க்கு மட்டும் உரியதன்று. முந்தைய வசனத்தில் சரீரங்கள் பலவாகவும் பலி ஒன்றாகவும் கூறப்படுவது இதற்கு அரணாகும். மூன்றாவதாக, அறிதல் மாற்றத்தின் பயனாக வைக்கப்பட்டுள்ளது. சித்தத்தை முன்னரே அறிந்து அதன்பின் மாறுவதன்று. மாறும் மனமே அதனை அறியும் தகுதி பெறுகிறது. 'பகுத்தறிதல்' எனத் தமிழாக்கப்பட்ட கிரேக்க வினை, உலோகத்தையும் நாணயத்தையும் சோதித்தறிவதற்கும் வழங்கியது. உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் செயலோடு இதனை ஒப்பிடலாம்.

கிருஷ்ணபிள்ளையின் சான்று

இம்மாற்றம் தொடர்நிகழ்வு என்பதற்குத் தமிழ் இலக்கிய வரலாறு தரும் தெளிவான சான்று எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், 1853-இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவர்தம் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தது. திருமுழுக்கிற்கும் காப்பியத்திற்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன. கம்பரின் காப்பிய மரபும் வைணவப் பத்திமொழியும் அந்நூலில் அழியாமல் புதுப்பொருள் பெற்றன. 'கிறித்தவக் கம்பர்' என்னும் பெயர் அவர்க்கு அமைந்ததும் இதனாலேயே. பழைய மனம் அகற்றப்படவில்லை, புதிதாயிற்று.

காப்பியத்திற்கு மூலமான ஜான் பனியனின் கதையிலும் (முதற்பகுதி 1678) சிலுவையடியில் சுமை விழுந்த பின்னரும் பயணம் நீள்கிறது. கரடுமுரடான வழிக்கு அருகே, அதே திசையில் செல்வதுபோல் தோன்றிய எளிய புல்வெளிப் பாதையைத் தேர்ந்த பயணி, ஐயக் கோட்டையில் சிறைப்படுகிறான். நேர்வழியோடு ஒத்துத் தோன்றும் வழியைப் பிரித்தறிவதே பகுத்தறிதலின் அருமை என்பதை இப்பகுதி உணர்த்துகிறது.

காத்திவாக்கம்: ஒரு பொருத்திப் பார்த்தல்

இப்பகுத்தறிதல் இன்றைய வாழ்வில் எவ்வாறு தேவைப்படுகிறது என்பதைக் காத்திவாக்கத்தைக் கொண்டு காணலாம். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய இவ்வூர் தனி நகராட்சியாக இருந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. கொசஸ்தலையாறு கடல்சேரும் இப்பகுதியின் மீன்பிடி வாழ்வைச் சூழ்ந்து அனல்மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலையும் துறைமுகமும் எழுந்தன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததால், பெரியகுப்பம் உள்ளிட்ட குடியிருப்புகளின் மக்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

2023-இல் மழைநீரும் எண்ணெயும் ஒரே வெள்ளத்தில் வந்தன. புயல் இயற்கையின் நிகழ்வு. எண்ணெய் மனிதர் கையிலிருந்து வந்தது. இரண்டையும் 'தேவ சித்தம்' என ஒன்றாகக் கூறுவது பகுத்தறிதலைக் கைவிடுவதாகும். சாம்பலும் நாற்றமும் இவ்வூருக்கு இயல்பே எனப் பழகிப்போவதும், உலகத்திற்கு ஒத்த வேஷந்தரித்தலின் ஒரு வடிவமே. மீன்பிடித்து வாழ்வோரும் ஆலை ஊதியத்தில் வாழ்வோரும் ஒரே வழிபாட்டில் அமரக்கூடிய ஊரில் இத்தெளிவு எளிதன்று. அதனால்தான் அது கூட்டாகத் தேடப்பட வேண்டும். உரோமர் 12-ஆம் அதிகாரம் தொடர்ந்து, ஒரே உடலின் பல உறுப்புகள் பற்றியும் அழுவாரோடு அழுதல் பற்றியும் பேசுவது கருதத்தக்கது.

கெத்செமனேயில் இயேசு தம்மைத் தந்தையின் சித்தத்திற்கு ஒப்புக்கொடுத்தார் அன்றோ என வினவலாம். ஒப்புக்கொடுத்தல் கிறித்தவ வாழ்வின் உயிர்நிலை என்பதில் ஐயமில்லை. ஆயின் அது துன்புறுபவர் தாமே மனமுவந்து கூறிய சொல். பிறர் அவர்மீது சுமத்திய சொல் அன்று.

முடிவுரை

தேவ சித்தம் என்பது நிகழ்ந்தவை அனைத்திற்கும் பின்னர் இடப்படும் பெயரன்று. புதிதாகிவரும் மனம், சமூகமாகக் கூடி, உரைத்துப் பார்த்துத் தெளிவது. மாற்றமின்றித் தேடுவோர்க்கு அது ஊழாகவே தோன்றும். 'இது தேவ சித்தமா?' என்று வினவும் காத்திவாக்கத்துச் சபைக்கு உரோமர் 12:2 ஆயத்தமான விடையொன்றைத் தரவில்லை. விடை காணத்தக்க மனத்தை முதலில் நாடச் சொல்கிறது.