தமக்குத் தாமே முதலாளியானவரின் முதுமை

அரசாங்க உத்தியோகத்தருக்குத் தாம் இளைப்பாறும் நாள் முன்கூட்டியே தெரியும். தனியார் தாபனத்தில் வேலை செய்பவருக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஆனால், கடைத்தெருவிலே ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றிவரும் தையற்காரருக்கு அந்நாளை அறிவிப்பவர் யார்? ஊசியிலே நூல் கோக்க முடியாமற் கண் மங்கும்போதுதான் அவர் அதனை அறிகிறார்.

சேமலாப நிதியின் அமைப்பை நோக்கினால், இத்தகையவர் இழப்பது எவ்வளவு என்பது புலப்படும். ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபாவை அவரும், 12 ரூபாவைத் தொழில்கொள்வோரும் செலுத்துகின்றனர். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 ரூபா செலுத்தவேண்டும். ஆக, முதுமைக்கென ஒதுங்கும் 23 ரூபாவில் 15 ரூபா ஊழியரின் கையிலிருந்து வருவதன்று. சொந்தத் தொழில் செய்பவரோ நூற்றுக்கு எட்டோ பத்தோ மிச்சம் பிடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார். ஊழியரின் பங்கை அவர் செலுத்திவிட்டார். முதலாளியின் பங்கு நிலுவையில் நிற்கிறது. அந்த முதலாளியும் அவரே அன்றோ!

மாதம் இவ்வளவு என்று திட்டமிட்டால் அது நிலைப்பதில்லை. தீபாவளி, நத்தார், றமழான் காலங்களிலே இரவு பகலாக வேலை இருக்கும். அடுத்த மாதம் கடை வாடகைக்கே முடை வந்துவிடும். ஆதலின் தொகையை அன்றி வீதத்தைக் குறித்துக்கொள்வதே தக்கது. நூல், பொத்தான், வாடகை, மின்சாரம் ஆகிய செலவுகளைக் கழித்தபின் மிஞ்சுவதே வருமானம். 60,000 ரூபா மிஞ்சிய மாதத்தில் நூற்றுக்கு 20 வீதம் 12,000 ரூபா. 20,000 மிஞ்சிய மாதத்தில் 4,000 ரூபா. பணம் வந்த அன்றே ஒதுக்கவேண்டும். மாதக் கடைசியில் ஒதுக்க எண்ணியவரிடம் ஒதுக்க எதுவும் இருப்பதில்லை. நோய்க்கும் இயந்திரப் பழுதுக்கும் வேறாக மூன்று மாதச் செலவு கையிருப்பில் இருத்தல் நன்று. அஃது இல்லாதவர் முதல் காய்ச்சலுக்கே முதுமைப் பணத்தை உடைத்துவிடுவர்.

சுயதொழில் செய்வோருக்கென 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபை ஓய்வூதியத் திட்டத்தை நடத்துகிறது. இளமையிற் சேருவோர் செலுத்தும் தவணை சிறிது. சேர்வது நன்றே, எனினும் வாக்களிக்கப்பட்ட தொகை ரூபாவில் நிலையாக நிற்க, பொருள்களின் விலை நில்லாது ஏறும். ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் விலை ஏறினால், முப்பதாவது வயதில் 5,000 ரூபாவாகத் தோன்றும் ஓய்வூதியம் அறுபதாவது வயதில் இன்றைய 870 ரூபாவுக்கு வாங்கக்கூடிய பொருளையே வாங்கும். இதுவும் அமைதியான காலத்துக் கணக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்குள் ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்ததைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, தையற்கூலி உயருந்தோறும் ஒதுக்கும் தொகையும் உயரவேண்டும். வீதத்தைக் கடைப்பிடிப்பவருக்கு அது தானே நிகழும்.

நகை வாங்கிவைப்போரும் உளர். ரூபா வீழ்ந்த 2022 இல் தங்கம் அவர்களைக் கைவிடவில்லை. ஆயினும் அது மாதந்தோறும் வருமானம் தருவதன்று. மகனின் பயணத்துக்கோ மகளின் கலியாணத்துக்கோ அடைவு கடைக்குச் சென்றுவிட்டால் மீள்வதும் அரிது. வீட்டோடு ஓர் அறையைக் கட்டி வாடகைக்கு விடுதல் பல குடும்பங்களுக்கு அதனினும் உதவியிருக்கிறது.

இக்கணக்குகளில் எல்லாம் பெரும்பாலும் இடம்பெறாதவர் ஒருவர் உண்டு. பொத்தான் தைப்பதும் விளிம்பு மடிப்பதும் வீட்டிலிருக்கும் மனைவியின் வேலை. அதற்குக் கூலி இல்லை. கூலி இல்லாமையால் அவர் பெயரிற் சேமிப்பும் இல்லை. இந்நாட்டிற் பெண்களே ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்கின்றனர். தையற்காரர் மறைந்தபின் பல ஆண்டுகளைத் தனியே கழிக்கவேண்டியவர் அவரே. ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி தொடக்கத்திலிருந்தே அவருடைய பெயரிலுள்ள தனிக் கணக்கிற் சேரவேண்டும். ஓய்வூதியத் திட்டத்திலும் அவர் தனி அங்கத்தவராகப் பதிவு பெறவேண்டும்.