மகிழுமாறு ஏவ இயலுமா? திருவருகைக்கால மகிழ்ச்சி குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

கத்தோலிக்கம், லூத்தரன், ஆங்கிலிக்கன் முதலிய மேலைத் திருச்சபை மரபுகளில் வழிபாட்டு ஆண்டு கிறித்து பிறப்பு விழாவுடன் தொடங்குவதில்லை. அவ்விழாவிற்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக்காலமே அதன் தொடக்கமாகும். இக்காலம் காத்திருத்தலுக்கும் மனமாற்றத்திற்கும் உரியது. ஆதலின் குருக்களின் திருவுடை ஊதா நிறத்ததாக அமையும். எனினும், இதன் மூன்றாம் ஞாயிறு 'கௌதேத்தே' ஞாயிறு என வழங்கப்பெறுகிறது. இவ்விலத்தீன் சொல்லுக்கு 'மகிழுங்கள்' என்பது பொருள். கத்தோலிக்க மரபில் அன்று ஊதாவிற்கு மாற்றாக இளஞ்சிவப்பு உடை அணிதலும் உண்டு.

ஈண்டு ஒரு வினா எழுகிறது. 'மகிழுங்கள்' என்பது ஏவல் வினை. உண்ணுமாறும் உறங்குமாறும் ஒருவரை ஏவலாம். துயருற்ற ஒருவரை மகிழுமாறு ஏவ இயலுமா? இயலுமெனில், அம்மகிழ்ச்சி எத்தகையது? இவ்வினாவிற்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

'மகிழுங்கள்' என்னும் அவ்வேவல், பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடலின் நான்காம் அதிகாரத்திலிருந்து பெறப்பட்டது. தமிழ் விவிலியங்களை ஒப்புநோக்கின், சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் 'சந்தோஷம்' என்னும் சொல்லையும், 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு 'மகிழ்' என்னும் வினையடியையும் ஆண்டிருத்தலைக் காணலாம்.

இவ்விரு சொற்களின் வரலாறும் நோக்கத்தக்கது. பண்டைத் தமிழில் 'மகிழ்' என்பது களிப்பை மட்டுமன்றிக் கள்ளையும், கள்ளுண்டதனால் எழும் களிப்பையும் குறித்தது. அக்களிப்பு உண்டபொழுது எழுந்து, சற்றுநேரத்தில் தணிவது. 'சந்தோஷம்' என்பதன் வடமொழி மூலமோ மனநிறைவு, போதுமென்ற உள்ளம் ஆகிய பொருள்களை உடையது. வறுமையிலும் நிறைவிலும் மனநிறைவோடு வாழக் கற்றுக்கொண்டதாகப் பவுல் அதே அதிகாரத்தில் கூறுகிறார். ஆகவே அவர் ஏவுவது, வந்து மறையும் களிப்பை அன்று. கற்று அடையத்தக்க ஒரு நிலையை எனலாம். உணர்ச்சியை ஏவ இயலாது. ஆனால் ஒரு நிலையில் நிற்குமாறு ஏவ இயலும்.

அம்மடல் சிறையிலிருந்து எழுதப்பட்டது என்பதும் மறத்தற்குரியதன்று. தமக்கு விடுதலையா, சாவா என்பதை அறியாத நிலையில் எழுதிய நான்கே அதிகாரங்களில், பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பவுல் மகிழ்ச்சியைப் பேசுகிறார்.

ஒரு சிறைக்கூடச் சான்று

இக்கருத்து வாழ்வில் நிற்குமா என்பதற்கு இருபதாம் நூற்றாண்டிலிருந்து ஒரு சான்றைக் காட்டலாம். ஆல்ஃப்ரெட் டெல்ப் (1907-1945) ஜெர்மனியைச் சேர்ந்த இயேசு சபைக் குரு. இட்லரின் ஆட்சிக்குப் பின் தம் நாட்டில் அமையவேண்டிய சமுதாய ஒழுங்கினைச் சிந்தித்த கிரைசாவ் வட்டத்தில் அவர் பங்குகொண்டார். 1944 சூலை 28ஆம் நாள் மியூனிக்கில் கைதுசெய்யப்பட்டுப் பின்னர்ப் பெர்லினின் டேகல் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவ்வாண்டின் திருவருகைக்காலத்தில், விலங்கிட்ட கைகளோடு, நான்கு ஞாயிறுகளுக்கும் உரிய சிந்தனைகளை அவர் எழுதினார். அத்தாள்கள் சலவைத் துணிகளுக்கிடையே மறைவாக வெளிக்கொணரப்பட்டன.

மூன்றாம் ஞாயிற்றுக்குரிய சிந்தனையில் அவர் மகிழ்ச்சியையே ஆராய்கிறார். உண்மை மகிழ்ச்சிக்குரிய நிபந்தனைகள் புறவாழ்வின் சூழலைச் சார்ந்தவை அல்ல. மனிதனின் அகநிலையையும் உறுதியையும் சார்ந்தவை என்பது அவர்தம் கருத்து. அவ்வுறுதி மனிதன் தானே ஆக்கிக்கொள்வதும் அன்று. இறைவனோடு அவன் கொண்ட உறவினின்றும் பெறப்படுவது. அவ்வுறவு முறிந்தவிடத்துக் கேளிக்கை இருக்கலாம், மகிழ்ச்சி இராது.

இதனைக் கொண்டு டெல்ப் அச்சமே அறியாதவர் எனக் கருதுதல் பொருந்தாது. அவருடைய சிறைக் கடிதங்களில் விடுதலை குறித்த ஏக்கமும் மனத்தளர்ச்சியும் மாறிமாறி வெளிப்படுகின்றன. அவர் உரைத்த மகிழ்ச்சி துயரத்தை அகற்றிவிடவில்லை. துயரத்தோடு ஒரே அறையில் தங்கியிருந்தது. 1945 சனவரியில் மக்கள் நீதிமன்றம் அவருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. பிப்ரவரி 2ஆம் நாள் பிளாட்சன்சே சிறையில் அது நிறைவேற்றப்பட்டது.

குறளுடன் ஓர் ஒப்பீடு

துன்பத்தில் தளராமை தமிழ் மரபிற்குப் புதிதன்று. திருக்குறளின் 63ஆம் அதிகாரமான 'இடுக்கண் அழியாமை' இப்பொருளையே பேசுகிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அவ்வதிகாரம் பொருட்பாலின் அரசியலில் அமைந்து, வினையாற்றுவோன் தன் அறிவாலும் ஊக்கத்தாலும் துன்பத்தை வெல்லும் திறத்தை உரைக்கிறது. திருவருகைக்கால மகிழ்ச்சியோ 'ஒருவர் வருகிறார்' என்னும் நம்பிக்கையில் வேர்கொண்டது. முன்னதில் ஆற்றல் உள்ளிருந்து எழுகிறது. பின்னதில் கதவு வெளியிலிருந்து திறக்கப்படுமென மனிதன் காத்திருக்கிறான். இவ்வேறுபாடு உயர்வு தாழ்வு காண்பதற்கன்று. இரு மரபுகளையும் மாணவர்க்குத் தெளிவுறக் கற்பித்தற்கே நாம் இதனைச் சுட்டுகிறோம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நம் வினாவிற்கு ஒருவாறு விடை கிட்டுகிறது. மகிழ்ச்சி என்பது மனவெழுச்சி மட்டுமே எனின், அதனை ஏவ இயலாது. சூழல் மாறின் அதுவும் மாறும். அது ஓர் உறவில் நிலைத்திருத்தல் எனின், ஏவலாம். ஏவப்பட்டவர் அதனைப் பயிலலாம். மகிழ்ச்சி ஞாயிறு விழா நாளன்று வாராமல் காத்திருப்பின் நடுவே வருவதன் பொருளும் இதுவேயாகும். எதிர்பார்த்தது கைகூடிய பின் மகிழ்தல் எவர்க்கும் எளிது. கைகூடுமுன், ஊதா நிறம் இன்னும் நீங்காத நாள்களில் மகிழ்வதற்கே நம்பிக்கை தேவைப்படுகிறது. நிலைத்த மகிழ்ச்சி எனக் கிறித்துவ மரபு சுட்டுவது இதனையே எனத் துணியலாம்.