கணினிச் சில்லுக்கும் உரை வேண்டும்

குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும் நம் மயிலாடுதுறைப் பகுதியில், நாளேட்டைப் பிரித்ததும் பலரும் தேடுவது மேட்டூர் அணை நிலவரத்தைத்தான். நீர்மட்டம் அடியில் இருக்கும், இருப்பு டி.எம்.சி.யில் இருக்கும், வரத்தும் திறப்பும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்று அறிந்தவருக்கே 60 அடி என்ற செய்தி கவலை தரும். அலகும் எல்லையும் அறியாதவருக்கு அது வெறும் எண். கணினிக்குள்ளும் இதே நிலைதான் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினியின் மதர்போர்டில் கண்காணிப்புச் சில்லு ஒன்று இருக்கும். வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் வேகம் ஆகியவற்றை அளந்துகொண்டே இருப்பது அதன் பணி. அச்சில்லுடன் பேசி அளவுகளைப் பெற்றுத் தரும் நிரலுக்கு டிரைவர், அதாவது இயக்கி, என்று பெயர். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் என்னும் உட்கருவில், இத்தகைய இயக்கிகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு உண்டு. அவை தரும் ஒவ்வோர் அளவும் ஒரு சிறு கோப்பாகத் தோன்றும். அதைத் திறந்தால் ஓர் எண் மட்டுமே இருக்கும், அலகு இராது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் தந்தை நெல் விற்ற பணத்தில் எனக்கொரு பழைய மேசைக் கணினி வாங்கித் தந்தார். ஓர் அறுவடைக் காலத்தில் அது அரைமணிக்கொரு முறை தானே நின்றது. அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். 12 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 3008 என்று இருந்தது. மில்லிவோல்ட் என்று நானே ஊகித்து, "மூன்று வோல்ட்தான் வருகிறது, பவர் சப்ளை பழுது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். வெப்பநிலைக்கு நேராக 88000 என்று இருந்ததைப் பழுதின் உளறல் என்று ஒதுக்கினேன். "வேணும்னா வாங்கிக்கப்பா" என்று தந்தை ஆயிரத்து இருநூறு ரூபாய் தந்தார். உரக்கடைக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அது. புதிய பவர் சப்ளையை மாட்டினேன். அப்போதும் அதே 3008!

அதன் பிறகுதான் கெர்னலோடு வரும் ஆவணங்களைப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டியவை. மின்னழுத்தம் மில்லிவோல்ட்டிலும், வெப்பநிலை செல்சியஸ் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும், விசிறி வேகம் நிமிடச் சுற்றுகளிலும் தரப்படும் என்று பொது ஆவணம் கூறுகிறது. என் கணினியில் இருந்த வகைச் சில்லு 4.08 வோல்ட்டுக்கு மேல் அளக்காது என்று அதன் ஆவணம் கூறுகிறது. ஆகவே 12 வோல்ட்டை மின்தடைகளால் பங்கிட்டுக் குறைத்தே சில்லுக்கு ஊட்டுகிறார்கள். அந்தப் பங்கீடு மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். இயக்கி பொதுவாக அதைக் கணக்கிடாது. பயன்படுத்துவோரே பெருக்கிக்கொள்ள வேண்டும். என் கணினியில் அது நான்கில் ஒரு பங்கு. 3.008-ஐ நான்கால் பெருக்கினால் 12.032. பழைய பவர் சப்ளை நலமாகவே இருந்திருக்கிறது! 88000 என்பது 88 பாகை. பெட்டியைத் திறந்து பார்த்தால், விசிறியின் அடியில் பதரும் வைக்கோல் தூசும் அடைத்துக் கிடந்தன. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை அது.

சில்லின் ஆவணம் எப்படி எழுதப்படுகிறது என்பதைச் சற்றுக் காண்போம். எல்.எம். 75 என்னும் வெப்பநிலைச் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் ஆவணம், எந்தெந்தச் சில்லுகளுக்கு இயக்கி பொருந்தும், எந்த முகவரிகளில் தேடப்படும், தயாரிப்பாளரின் தரவுத்தாள் எங்கே கிடைக்கும், எழுதியவர் யார் என்று வரிசையாகச் சொல்கிறது. பிறகு விளக்கம் வருகிறது. அளவெல்லை -55 முதல் +125 பாகை வரை. வெப்பம் மேல்வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை எழும். கீழ்வரம்புக்குக் கீழே இறங்கிய பின்னரே அடங்கும். மிக விரைவாக மீண்டும் மீண்டும் படித்தால் தீங்கில்லை, பழைய மதிப்பே கிடைக்கும் என்பதையும் அது மறவாமல் கூறுகிறது. வேறு சில சில்லுகளின் ஆவணங்களில், தரவுத்தாள் பொதுவில் கிடைக்காது என்றே எழுதியிருக்கும். இல்லாததை இல்லை என்று சொல்லும் அந்த நேர்மையும் ஆவணத்தின் பண்பே ஆகும்.

முகவரியைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கண்காணிப்புச் சில்லைத் தேடிய லினக்ஸ் நிரல் ஒன்று, ஒருவகை மடிக்கணினிகளில் இருந்த வேறொரு நினைவகச் சில்லைத் தட்டிப் பார்த்தது. அதில் எழுதியிருந்தவை சிதைந்து, கணினிகள் தொடங்கவே மறுத்தன. ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது சில்லுக்கும் பொருந்துகிறது அல்லவா? அந்த எச்சரிக்கையும் பின்னர் எழுதி வைக்கப்பட்டது.

இப்பிரிவில் புதிய இயக்கியை அனுப்புவோர் அதற்கான ஆவணத்தையும் எழுதித் தரவேண்டும் என்பது விதி. ஆயினும் ஆவணம் என்றும் முழுமை பெறுவதில்லை. புதிய சில்லுகள் சேர்கின்றன. ஒரு வரி தெளிவில்லாமல் இருக்கிறது. ஓர் அலகு விடுபட்டுப் போகிறது. அவற்றைத் திருத்த இயக்கியை எழுதியவராக இருக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்து, தன் பெயரிட்டு, மின்னஞ்சலில் திருத்தம் அனுப்ப எவருக்கும் உரிமை உண்டு. பொறுப்பாளர்கள் ஆராய்ந்து ஏற்பர். நம் கல்லூரி மாணவரும் இதனைச் செய்யலாம்.

தமிழ் வகுப்பில் மூலநூலுக்கு உரையாசிரியர் எவ்வளவு இன்றியமையாதவர் என்று படிக்கிறோம். இயக்கி மூலம் என்றால் ஆவணம் அதன் உரை. அந்த உரையைப் படிக்காததால் என் தந்தையின் ஆயிரத்து இருநூறு ரூபாய் போயிற்று. தேவையின்றி வாங்கிய பவர் சப்ளை இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. எங்கோ ஓர் ஊரில் இன்னொரு மாணவன் அதே எண்ணைப் பார்த்து மயங்காதிருக்க, நாம் எழுதும் ஒரு வரி உதவுமானால், நாம் கற்ற கல்விக்கு அதைவிட நற்பயன் வேறென்ன?