உஷார்! ஒரு புள்ளி தவறினால் 42 கிலோமீட்டர்

தேவகோட்டைக்காரர்களே, நம் ஊரின் அட்சரேகை 9.95 டிகிரி வடக்கு. பள்ளிக்கூட அட்லஸில் இதையே 9 டிகிரி 57 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் இரண்டும் ஒரே இடம்தான். அந்த 9 டிகிரி 57 நிமிடத்தை யாராவது அவசரத்தில் 9.57 என்று கைபேசியில் தட்டிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? நேர் தெற்கே 42 கிலோமீட்டர் போய், ஆர்.எஸ்.மங்கலத்தையும் தாண்டி, ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் விழும். கூப்பிட்ட ஆம்புலன்ஸ் அங்கே தேடிக்கொண்டிருக்கும். நெஞ்சுவலி வந்தவர் இங்கே படுத்துக் கிடப்பார்.

எண்களை முன்பின்னாக மாற்றிச் சொன்னால் இன்னும் மோசம். அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு: 9.95, 78.82. திருப்பிப் போட்டால் வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலைக் காட்டும். இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். 42 கிலோமீட்டர் தவறு அப்படிப் படாது. அங்கேயும் பொட்டலும் கண்மாயும் கருவேலமும்தான் தெரியும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடலில் இந்தப் பயம் இரட்டிப்பு. நமக்குத் தென்கிழக்கே தொண்டி. அங்கிருந்து பாக் நீரிணைக்குள் போகிற படகுக்கு எதிரே, தண்ணீரில் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் ஆறு புள்ளிகளைக் குறித்து அவற்றை இணைத்து எல்லையாக வைத்தன. ஆறும் டிகிரி, நிமிடக் கணக்கில் எழுதப்பட்டவை. இரண்டாவது புள்ளியின் அட்சரேகை 9 டிகிரி 57 நிமிடம். அதாவது தேவகோட்டையிலிருந்து நேர் கிழக்கே ஏறக்குறைய 84 கிலோமீட்டரில் அந்தப் புள்ளி. அதன் தீர்க்கரேகை 79 டிகிரி 35 நிமிடம். கைபேசிக் கணக்கில் 79.58. கரையில் இருப்பவர் "79.58-ஐத் தாண்டாதே" என்று சொல்லி அனுப்புகிறார். படகில் உள்ள கருவியோ டிகிரி, நிமிடத்தில் ஓடுகிறது. அது 79-40 என்று காட்டும்போது, 58-க்கு இன்னும் தூரம் இருக்கிறதே என்று ஒருவர் நினைத்தால், அவர் ஏற்கெனவே எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்பது கிலோமீட்டர் போயிருப்பார். கடலுக்குப் போகிற சொந்தக்காரர்கள் உங்களுக்கு இருந்தால் இந்த ஒரு கணக்கை உட்கார வைத்துச் சொல்லுங்கள். கருவியில் எந்த முறை வைத்திருக்கிறது என்பதைக் கரையிலேயே பார்த்துவிட வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஊருக்குள் வருவோம். நகரத்தார் வீடுகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். வரைபடத்தில் லொக்கேஷன் புள்ளி நடு வளவின் மேல் விழுந்தால், செயலிக்கு எந்தத் தெரு கிட்டமோ அங்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். அது பின்தெருவாக இருந்தால் பூட்டிய கதவும் நீண்ட சுவரும்தான் எதிரே நிற்கும். பக்கத்து வீடும் பூட்டிக் கிடக்கும். அதன் சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். உள்ளே ஆச்சி தனியாக இருந்தால், யார் ஓடிப்போய்க் கதவைத் திறப்பது?

தடித்த சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு லொக்கேஷன் அனுப்பாதீர்கள். கைபேசிக்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் தேவை. அதற்கு வானம் தெரிய வேண்டும். முகப்பு வாசலுக்கு வெளியே, தெருவில் நின்று ஒரு நிமிடம் பொறுத்து எடுத்தால் சில மீட்டருக்குள் சரியாக வரும். பிள்ளைகள் வெளியூரிலிருந்து பதற்றத்தில் அனுப்பும்போது அம்மா இருக்கும் இடத்துக்குப் பதில் தங்கள் இடத்தையே அனுப்பிவிடலாம். வெளிநாட்டிலிருந்து 108-ஐ அழுத்தினால் தமிழ்நாட்டு ஆம்புலன்சுக்குப் போய்ச் சேராது என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒருவரின் எண் அவர்கள் கையில் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. 'தேவகோட்டை ரோடு' என்று வரைபடத்தில் வருவது ரயில் நிலையம். நாம் ரஸ்தா என்று சொல்கிற அந்த இடம் காரைக்குடி பக்கம் இருக்கிறது, ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். புது டிரைவருக்கு இது தெரியாது.

மழைக்காலம் வந்தால் வழியையும் சந்தேகியுங்கள். செயலிக்குக் குறுக்குவழி ஆசை அதிகம். கண்மாய்க்கரையும் தரைப்பாலமும் அதற்குச் சாலைதான். ஐப்பசி, கார்த்திகையில் கலுங்கு மறுகால் பாய்வதும் விருசுழியாற்றில் தண்ணீர் வருவதும் அதற்கு உடனே தெரிய வழியில்லை. 2023 அக்டோபரில் கொச்சி அருகே ராத்திரி மழையில் வரைபடத்தைப் பின்பற்றிப் போன கார் ஆற்றில் விழுந்து இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், பரேலி அருகே, வெள்ளத்தில் அறுந்து நின்ற பாலத்திலிருந்து கார் ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் போனார்கள். கரையில் ஆடு மேய்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதில் என்ன குறைந்துவிடும்?

கைபேசித் திசைகாட்டியையும் அப்படியே நம்பாதீர்கள். காந்தம் வைத்த கவர், பைக் ஸ்டாண்டு, பக்கத்தில் இரும்புக் கிராதி, எதுவும் அதைத் திருப்பிவிடும். நம் பக்கத்தில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் சொற்பமாகவே விலகும். ஆகவே முள் பெரிதாகப் பிசகினால் குற்றம் கருவியைச் சுற்றி இருக்கும் இரும்பில்தான். ராத்திரியில் சரிபார்க்க துருவ நட்சத்திரம் போதும். நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேலே சுமார் பத்து டிகிரியில், நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில், வடக்கே நிற்கிறது. மரமோ கட்டடமோ மறைக்காத வெளியாக இருக்க வேண்டும்.

அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. நாட்டை நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. டிகிரி, நிமிடக் குழப்பம் அதில் இல்லை. அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்பவர் எல்லோருக்கும் அது புரியும் என்று இருந்துவிடாதீர்கள். தெருப் பெயரும் அடையாளமும் கூடவே வேண்டும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே முகப்பு வாசலுக்கு வெளியே நின்று லொக்கேஷன் எண்களை எடுங்கள். புள்ளி உள்ள முறையில், அட்சரேகை முதலில் வர, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். கீழே முகப்பு இருக்கும் தெருவின் பெயர், பக்கத்துக் கோயில் அல்லது ஊரணி, 108, அவசரத்துக்கு வரக்கூடிய ஒருவரின் எண். அதைத் தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். பிறகு, ஊருக்குப் புதிய ஒருவரிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்து வீட்டுக்கு வரச் சொல்லிப் பாருங்கள். அவர் பின்தெருவில் போய் நின்றால் அன்றே திருத்திவிடுங்கள்.