வேகம் மறுத்த இசைக்குழுக்கள்

ராக் இசையிலிருந்து 1960களின் இறுதியில் கிளைத்த ஹெவி மெட்டலின் உட்பிரிவுகளுள் மிக மெதுவான நடையும் தாழ்ந்த சுருதியும் கனத்த ஒலியும் கொண்ட வகை டூம் மெட்டல் என்று அழைக்கப்படுகிறது. சாவு, நோய், போதைக்கு அடிமையாதல், போர், தனிமை, இறைவன் கைவிட்டுவிட்டான் என்ற அச்சம் ஆகியவை இதன் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள். ஒரு பாடல் எட்டு, பத்து நிமிடங்களுக்கு நீள்வது இங்கே வழக்கம், சில குழுக்களிடம் அது ஒரு மணி நேரத்தையும் தாண்டும். பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்கள், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் துணையின்றி, சிறு வெளியீட்டாளர்களையும் கைமாறும் கேசட்டுகளையும் ரசிகர்களே அச்சிடும் சிற்றிதழ்களையும் நம்பி நடக்கும் இசை வாழ்க்கையை அண்டர்கிரவுண்ட் என்று அதில் வாழ்பவர்கள் குறிப்பிடுகிறார்கள். டூம் மெட்டல் குழுக்களில் மிகப் பெரும்பாலானவை தொடக்கம் முதல் இறுதிவரை அந்த வெளியிலேயே இருந்தவை. இருண்ட பாடுபொருளே அதற்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் அதற்குச் சற்றும் குறையாத இருளைப் பாடிய வேகமான மெட்டல் குழுக்கள் இலட்சக்கணக்கில் இசைத்தட்டுகளை விற்றிருக்கின்றன. கேட்பவரிடம் இந்த இசை எவ்வளவு நேரத்தைக் கோருகிறது என்பதே அதைச் சந்தைக்கு ஒவ்வாததாக்கிய முதற்காரணம்.

இதன் ஊற்று இங்கிலாந்தின் தொழில்நகரமான பர்மிங்காம். அங்கே உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்த டோனி ஐயோமி என்ற இளைஞர், 1965இல் எந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கிட்டார் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பின்னர் அவற்றின் இறுக்கத்தையும் தளர்த்தி அவர் வாசித்தார். அவருடைய பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. 1971இல் வந்த மூன்றாவது ஆல்பமான மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியின் பல பாடல்களில் கிட்டாரின் சுருதி வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரங்கள் தாழ்ந்து ஒலித்தது. பிளாக் சாபத் உலகப் புகழ் பெற்ற குழு, அதை அண்டர்கிரவுண்ட் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் வேகமான பாடல்களை விட்டுவிட்டு, மெதுவான பாடல்களை மட்டும் தங்களுக்கு உரிய பாதையாக எடுத்துக்கொண்ட இளைஞர்களுக்கு அந்தப் புகழில் பங்கு கிடைக்கவில்லை.

மெதுவாக வாசிப்பது எளிது என்ற எண்ணம் பொதுவாக உண்டு, அது பிழையானது. நிமிடத்துக்கு 200 தட்டுகள் என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 0.3 விநாடி மட்டுமே இருக்கும். 50 தட்டுகள் என்ற நடையில் அந்த இடைவெளி 1.2 விநாடியாக விரிகிறது. அவ்வளவு நீண்ட வெளியில் டிரம்ஸ் வாசிப்பவரின் கை சற்று முந்தினாலும் பிந்தினாலும் அந்தப் பிசகை மூடி மறைக்க வேறு ஒலி எதுவும் அங்கே இல்லை. விளம்ப காலத்தில் ஒரு கீர்த்தனையைத் தொய்வின்றி நிறுத்திப் பாட எவ்வளவு பிடிப்பு வேண்டும் என்பதை அறிந்த கர்நாடக இசை ரசிகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிட்டாரில் ஒருமுறை மீட்டிய சுரம் அடுத்த தட்டு வரும்வரை மங்காமல் நிற்க வேண்டும் என்பதால், வால்வுகளால் இயங்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர்களும், ஒலியைச் சிதைத்து நீட்டும் ஃபஸ் என்ற காலடிக் கருவியும், கதவுகள் அதிரும் அளவுக்கு உரத்த ஒலியும் இந்த இசைக்கு இன்றியமையாதவை ஆகின்றன. அந்தக் கனமான பெட்டிகளை வேனில் ஏற்றி, ஊர் ஊராகச் சென்று இறக்கி, முதலில் வாசிக்கும் துணைக்குழுவாக அரை மணி நேரம் மட்டும் மேடை கிடைக்கும் இரவில் மூன்று பாடல்களுக்கு மேல் வாசிக்க முடியாமல் மீண்டும் ஏற்றிக்கொண்டு திரும்புவதே பெயர் பெறாத ஒரு டூம் மெட்டல் குழுவின் வாடிக்கையான அனுபவம்.

அந்த அனுபவத்தை முழுமையாகக் காட்டும் வாழ்க்கை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தைச் சேர்ந்த செயின்ட் வைட்டஸ் குழுவினுடையது. கிட்டார் வாசித்த டேவ் சாண்ட்லர், பேஸ் கிட்டார் வாசித்த மார்க் ஆடம்ஸ், டிரம்ஸ் வாசித்த அர்மாண்டோ அகோஸ்டா, பாடகர் ஸ்காட் ரேகர்ஸ் ஆகிய நால்வரும் 1970களின் இறுதியில் டைரன்ட் என்ற பெயரில் தொடங்கி, பிறகு பிளாக் சாபத் 1972இல் வெளியிட்ட ஒரு பாடலின் தலைப்பிலிருந்து தங்களுக்கு இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஊரில் அப்போது இரண்டு இசைக் கூட்டங்கள் இருந்தன. ஒன்று, சன்செட் ஸ்டிரிப் என்ற கேளிக்கைத் தெருவில் ஒப்பனையும் பளபளப்பான உடையுமாக வளர்ந்துகொண்டிருந்த கிளாம் மெட்டல் கூட்டம். மற்றொன்று, ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும் அதிவேகப் பாடல்களைக் கொண்ட ஹார்ட்கோர் பங்க் கூட்டம். நீண்ட முடியும் பழைய உடையும் பத்தாண்டுக்கு முந்தைய ஒலியுமாக நின்ற இந்த நால்வருக்கு இரண்டிலும் இடமில்லை.

ஆனாலும் அவர்களுக்குக் கதவைத் திறந்தது பங்க் உலகமே. பிளாக் ஃபிளாக் என்ற ஹார்ட்கோர் குழுவின் கிட்டார் கலைஞரான கிரெக் கின், சிறுவனாக இருந்தபோது மின்னணுப் பொருள்களை விற்க வைத்திருந்த எஸ்.எஸ்.டி. என்ற பெயரிலேயே 1978இல் ஒரு வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். தங்கள் குழுவின் பாடல்களைத் தாங்களே வெளியிடுவதற்காகப் பிறந்த நிறுவனம் அது. செயின்ட் வைட்டஸின் முதல் ஆல்பம் 1984இல் எஸ்.எஸ்.டி. வழியாக வெளிவந்தது. அதே ஆண்டில் பிளாக் ஃபிளாக் வெளியிட்ட மை வார் ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆறு நிமிடத்துக்கும் மேல் நீளும் மூன்று மெதுவான பாடல்கள் இடம்பெற்று, வேகத்தையே அடையாளமாகக் கருதிய ரசிகர்களைக் கொதிக்க வைத்தன என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இசைக்கலைஞர்களிடையே மெதுவான நடையின்பால் ஈர்ப்பு இருந்தது. கூட்டத்தினிடம் அது இல்லை. பிளாக் ஃபிளாக்குடன் சுற்றுப்பயணம் சென்ற செயின்ட் வைட்டஸ், பிடிக்காத குழுவின்மீது எச்சில் துப்புவதையும் கையில் கிடைத்ததை வீசுவதையும் வழக்கமாகக் கொண்டிருந்த அரங்குகளில், இரவுக்கு இரவு, அந்தக் கூட்டம் எதை வெறுத்ததோ அதையே வாசித்தது.

அந்த இரவுகளில் வேகத்தைக் கூட்டிவிட்டால் கைதட்டல் கிடைத்திருக்கும். குழுவின் சில பாடல்கள் உண்மையில் வேகமானவையே, ஆனால் சாண்ட்லர் தம் நடையின் மையத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1986இல் ரேகர்ஸ் விலகிய இடத்துக்கு, மேரிலாந்து மாநிலத்தில் தி அப்செஸ்டு என்ற குழுவை நடத்தி வந்த, வைனோ என்று அழைக்கப்படும் ஸ்காட் வைன்ரிக் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் பார்ன் டூ லேட் என்ற ஆல்பம் வெளிவந்தது. காலம் தவறிப் பிறந்தவர்கள் என்று தங்களைச் சுற்றியிருந்தவர்கள் செய்த ஏளனத்தை அதன் தலைப்புப் பாடல் மறுக்காமல் எடுத்துக்கொண்டு, நிதானமாக, தலை நிமிர்ந்து பாடுகிறது. டூம் மெட்டலின் மிகச் சிறந்த பாடல் எது என்ற விவாதத்தில் இந்தப் பாடலுக்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். அதே 1986இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரத்துக் குழுவான கேண்டில்மாஸ், எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ் என்ற ஆல்பத்தை ஒரு சிறிய பிரெஞ்சு நிறுவனம் வழியாக வெளியிட்டு, இந்த இசை வகையின் பெயரைத் தலைப்பிலேயே பொறித்தது; விற்பனை குறைவு என்று அந்த நிறுவனம் குழுவைக் கைவிட்டது.

செயின்ட் வைட்டஸுக்குத் தன் ஊரில் கிடைக்காத செவிகள் கடலுக்கு அப்பால் கிடைத்தன. பெர்லினில் இயங்கிய ஹெல்ஹவுண்ட் என்ற சிறு நிறுவனம் பின்னர் வந்த அந்தக் குழுவின் ஆல்பங்கள் சிலவற்றை வெளியிட்டதோடு, தி அப்செஸ்டு, அயர்ன் மேன், இன்டர்னல் வாய்டு போன்ற மேரிலாந்து வட்டாரக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கத் தலைநகரை ஒட்டிய புறநகர்களில் பயிற்சி செய்து உருவான ஓர் இசை, உலகத்தின் கைக்குச் சேர்வதற்குப் பெர்லின் வழியாக வர வேண்டியிருந்தது. தனித்து இயங்கும் குழுக்களின் பொருளாதாரத்தில் இதுவே அடிப்படை: ஒரு நகரத்தில் இருபது பேர் மட்டும் விரும்பும் இசை, ஐம்பது நகரங்களில் அதே இருபது பேரைக் கண்டுபிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்கிறது, அந்தத் தேடலைச் செய்து தருபவர் சிறு வெளியீட்டாளர். வைனோ 1991இல் விலகித் தம் பழைய குழுவுக்குத் திரும்பினார். அந்தக் குழு 1994இல் கொலம்பியா என்ற பெருநிறுவனத்தின் வழியாக ஓர் ஆல்பம் வெளியிட்டு, அதன்பின் விரைவில் கலைந்தது. செயின்ட் வைட்டஸும் ரேகர்ஸ் திரும்பிவந்து பாடிய 1995ஆம் ஆண்டு ஆல்பத்தோடு நின்றுபோனது.

பெருநிறுவனத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்துக் குழுவான ஸ்லீப் இன்னும் தெளிவான சான்று. லண்டன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்த அந்த மூவர், 1996இல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் நீளும் ஒரே பாடலை ஆல்பமாகக் கொடுத்தார்கள். அக்காலத்து ஒலிநாடாச் சுருள் ஒன்றில் சுமார் 22 நிமிடங்களே கொள்ளும் என்பதால் அதைத் துண்டு துண்டாகப் பதிந்து இணைக்க வேண்டியிருந்தது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. இழுபறியில் குழு கலைந்தது. 1999இல் ஜெருசலேம் என்ற பெயரிலும், 2003இல் டோப்ஸ்மோக்கர் என்ற பெயரில் முழு வடிவிலும் அதைச் சிறு நிறுவனங்களே வெளியிட்டன. வானொலிக்குக் கொடுக்க மூன்று நிமிடத் துண்டு எதுவும் இல்லாத பொருளை எப்படி விற்பது என்ற கேள்விக்கு அந்தப் பெருநிறுவனத்திடம் விடை இருக்கவில்லை. அந்த மூவர் இழந்த ஆண்டுகளையும் மறந்துவிடக் கூடாது. கலைஞனின் வறுமையைத் தவமாக்கிப் போற்றும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. இந்த இசை பட்ட பாட்டை அப்படிப் போற்றுவது அதைச் செய்தவர்களுக்கு இழைக்கும் அநீதி.

காலம் ஒருவகையில் திரும்பியது. 2008இல் மீண்டும் கூடிய செயின்ட் வைட்டஸ், அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் டில்பர்க் நகரத்தில் நடக்கும் ரோட்பர்ன் இசைவிழாவில், தன் பழைய பாடல்களைக் கேட்பதற்கென்றே பல நாடுகளிலிருந்து வந்து கூடிய ரசிகர்கள்முன் வாசித்தது. அகோஸ்டா 2010இல் இறந்தார். குழு 2012இலும் 2019இலும் புதிய ஆல்பங்களை வெளியிட்டது. இவற்றையும் வெளியிட்டது அமெரிக்க நிறுவனம் இல்லை, பிரான்சின் சீசன் ஆஃப் மிஸ்ட்.

இன்று தொடங்கும் ஒரு குழுவுக்கு வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் வசதியும் இணையமும் இருப்பதால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கலாம். ஆனால் நேரத்தைச் சிறு துண்டுகளாக விற்கும் முறை இன்னும் கூர்மையடைந்திருக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங் சேவையில் 30 விநாடி கேட்டாலே ஒரு பாடல் ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கு. 20 நிமிடப் பாடலை முழுதும் கேட்டாலும் அதே ஒரு கணக்குத்தான். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு அங்கே ராயல்டியே இல்லை. பத்துப் பாடல்களாகப் பிரிந்திருக்க வேண்டிய நேரத்தை இரண்டு பாடல்களில் நிரப்பும் குழுவுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பாதகமானது என்பது வெளிப்படை. ஆகவே 300, 500 என்ற அளவில் அச்சடிக்கும் வினைல் இசைத்தட்டுகள், கேசட்டுகள், டி-ஷர்ட்டுகள் ஆகியவற்றை நேரடியாக விற்பதும், 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பங்களை விற்பதுமே இவர்களுக்குப் பணம் தரும் வழிகள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தையும் பொருள் விற்பனையில் 10 சதவீதத்தையும் மட்டுமே எடுத்துக்கொண்டு மீதியைக் கலைஞருக்கு விடும் அந்தத் தளம், கொரோனா காலத்தில் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுத்தது. அது 2022இல் ஒரு விளையாட்டு மென்பொருள் நிறுவனத்துக்கும் 2023இல் ஓர் இசை உரிம நிறுவனத்துக்கும் கைமாறி, ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலையிழந்தபோது, இந்தக் குழுக்களின் கடைசி நல்ல கடையும் போய்விடுமோ என்ற கவலை பரவியதில் வியப்பில்லை.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் பணியாத குழுவாக சியாட்டில் நகரத்தின் பெல் விட்ச்சைச் சொல்லலாம். அதில் கிட்டார் கிடையாது. ஆறு தந்தி பேஸ் கிட்டாரும் டிரம்ஸுமே அதன் அடித்தளம். குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் டிரம்ஸ் கலைஞருமான ஏட்ரியன் குவேரா 2016இல் இறந்த பின், குழுவின் மற்றொருவரான டிலன் டெஸ்மண்டும் குவேராவுக்குப் பதிலாகச் சேர்ந்திருந்த ஜெஸ்ஸி ஷ்ரைப்மனும் அவர் நினைவாக மிரர் ரீப்பர் என்ற 83 நிமிடப் பாடலை உருவாக்கி, 2017இல் கனடாவின் புரஃபவுண்ட் லோர் நிறுவனம் வழியாக வெளியிட்டார்கள். முந்தைய ஆல்பத்துக்காகக் குவேரா பாடிப் பயன்படாமல் இருந்த பதிவுகளைப் பாடலின் நடுவே சேர்த்திருக்கிறார்கள். ஒரு குறுந்தகட்டில் 80 நிமிடத்துக்கு மேல் அடங்காது, வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் 22 நிமிடம் அளவே நன்றாக ஒலிக்கும் என்பதால், இந்த ஒற்றைப் பாடல் இரண்டு குறுந்தகடுகளாகவும், இரண்டு வினைல்களின் நான்கு பக்கங்களாகவும் பிரிந்தே கைக்கு வந்தது. 2023இல் அதே குழு தி கிளாண்டெஸ்டைன் கேட் என்ற இன்னொரு 83 நிமிடப் பாடலை அதே நிறுவனம் வழியாக வெளியிட்டது. மூன்று ஆல்பங்களாகத் திட்டமிட்டுள்ள ஒரே படைப்பின் முதல் பகுதி அது.