உள்ளங்கையளவு பிடிப்பு

முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடியில், துறைமுகச் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். உப்பு மூட்டைகளையும் சரக்குப் பெட்டகங்களையும் ஏற்றிய லாரிகள் வரிசையாகச் செல்லும். டயர் கடைகளில் கழற்றிப் போட்டிருக்கும் பழைய டயர்களையும் கவனியுங்கள். சில டயர்கள் சீராகத் தேய்ந்திருக்கும். வேறு சிலவற்றில் ஒரு விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்து, மறு விளிம்பு புதிது போலவே இருக்கும். ஏன் இப்படி?

இதற்கு விடை காண மோட்டார் பந்தயக்காரர்களிடம் செல்வோம். லாரி டயருக்குப் பல மாதங்களில் நேர்வது, பந்தய டயருக்குச் சில நிமிடங்களிலேயே நேர்ந்துவிடுகிறது!

சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் முன்பு கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளமே அமைந்தது. ஆட்டோகிராஸ் என்பது இன்னொரு வகைப் பந்தயம். ஒரு திடலில் வளைந்து நெளிந்து செல்லும் குறுகிய பாதையை அமைத்து, அதை யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார் என்று பார்ப்பார்கள். அங்கே திருப்பங்களே மிகுதி. எஞ்சினின் வலிமையைவிட டயரின் பிடிப்பே வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஆகவே, தார்த் தளத்தில் ஓடும் பந்தயக்காரர்கள் அகன்ற டயர்களை விரும்புகிறார்கள்.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். உராய்வு விசை தொடு பரப்பைப் பொறுத்ததன்று என்றுதானே பாடநூலில் படித்தோம்? 1699இல் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் கூறிய விதி அது. அப்படியானால் பந்தயக்காரர்கள் வீணாகச் செலவு செய்கிறார்களா?

முதலில் ஒரு சிறு கணக்கு. காரின் எடை 1000 கிலோகிராம் என்று கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் 250 கிலோகிராமைத் தாங்கும். டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் என்றால், தொடு பரப்பு ஏறத்தாழ 125 சதுர சென்டிமீட்டர். அதாவது, உங்கள் உள்ளங்கையளவு! அவ்வளவு பெரிய கார் நான்கு உள்ளங்கையளவு ரப்பரை நம்பித்தான் ஓடுகிறது.

டயரை அகலப்படுத்தினாலும் காற்றழுத்தம் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. இவ்வடிவம் திருப்பத்தில் ரப்பர் வழுக்குவதைக் குறைக்கிறது. மேலும், அகன்ற டயரில் ரப்பர் அதிகம் இருப்பதால், விரைவில் தேயக்கூடிய மென்மையான ரப்பரையும் பயன்படுத்த முடிகிறது. காற்றழுத்தத்தை ஓரளவு குறைத்தால் தொடு பரப்பும் கூடும்.

இனி, அமோந்தோன் விதிக்கு வருவோம். மரமும் உலோகமும் அதற்குப் பெரும்பாலும் கட்டுப்படும். ரப்பர் அப்படியன்று. அது சாலையின் மேடுபள்ளங்களுக்குள் புகுந்து, நெளிந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் மீது அழுத்தம் கூடக்கூட உராய்வுக் குணகம் குறைகிறது. எனவே, அதே எடையைக் கூடுதல் பரப்பில் பரப்பினால் பிடிப்பு கூடும். ஃபார்முலா ஒன் பந்தயங்களில், 1998 முதல் 2008 வரை, டயர்களில் நீளவாட்டில் காடிகள் வெட்டியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். தரையைத் தொடும் ரப்பரைக் குறைத்து, திருப்பங்களில் வேகத்தை மட்டுப்படுத்துவதே நோக்கம். 2005இல் அப்பந்தயத்தில் முதல் இந்தியராகக் கலந்துகொண்ட நரேன் கார்த்திகேயனின் காரிலும் அத்தகைய டயர்களே இருந்தன.

ஆனால் அகன்ற டயரை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. திருப்பத்தில் கார் வெளிப்புறமாகச் சாயும். அதனுடன் சக்கரமும் சாய்ந்தால் ரப்பரின் ஒரு விளிம்பே தரையைத் தொடும். இதை ஈடுசெய்ய, சக்கரத்தின் மேற்பகுதியை முன்கூட்டியே சற்று உட்புறம் சாய்த்து வைப்பார்கள். இச்சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர்.

மேலிருந்து பார்க்கும்போது, முன் சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்பியிருந்தால் அது டோ-இன். வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட். சிறிது டோ-இன் இருந்தால் வண்டி நேராக ஓடும். சிறிது டோ-அவுட் இருந்தால் திருப்பத்தில் சட்டென்று வளையும். பந்தயக்காரர்கள் பலர் பின்னதை நாடுவது இதனால்தான். ஸ்டீயரிங்குடன் சக்கரத்தை இணைக்கும் டை-ராடு என்ற தண்டின் மரையைத் திருகி இதைச் சரிசெய்கிறார்கள்.

இப்போது நம் துறைமுக லாரிக்குத் திரும்புவோம். அதன் சக்கரம் ஒன்று, செல்லும் திசையிலிருந்து 1 டிகிரி விலகியிருக்கட்டும். 1 டிகிரியின் சைன் மதிப்பு 0.0175. ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 17.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சுமார் 135 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை போய்ச் சேருவதற்குள் 2 கிலோமீட்டருக்கு மேல் தரையில் தேய்க்கப்பட்டுவிடும்! டோ-இன் மிகுந்தால் வெளி விளிம்பும், டோ-அவுட் மிகுந்தால் உள் விளிம்பும் தேயும். ஒரு விளிம்பு வழுக்கையான டயர், மழைநாளில் பிரேக் போடும்போது கைவிட்டுவிடும்.

அகன்ற டயருக்கும் குறை உண்டு. தேங்கிய நீரை அது எளிதில் விலக்குவதில்லை. வேகமாகச் சென்றால் நீர்ப்படலத்தின் மேல் மிதந்துவிடக்கூடும். ஆகவே, அழகுக்காக உங்கள் அண்ணன் வண்டியில் அளவுக்கு மீறிய டயரை மாட்ட நினைத்தால், தயாரிப்பாளர் குறித்த அளவை அவருக்கு நினைவூட்டுங்கள்.

செய்து பாருங்கள்: சைக்கிளின் பின் டயரை நனைத்து, சைக்கிளைத் தூக்கி ஒரு காகிதத்தின் மேல் நேராக இறக்குங்கள். ஈரச் சுவட்டின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து பரப்பைக் காணுங்கள். பிறகு, மற்றொருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நண்பர் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து மீண்டும் அளவிடுங்கள். பரப்பு எவ்வளவு கூடியது? ஏன்?