சமூக ஊடக மிகைப் பயன்பாடும் ஆளுமைக் கூறுகளும் உளநலமும்

சமூக ஊடகங்களில் நெடுநேரம் செலவிடுவோர் அனைவரையும் ‘அடிமைகள்’ எனச் சுட்டும் வழக்கு தமிழ் இதழ்களில் வேரூன்றிவிட்டது. உளவியல் துறை அச்சொல்லை அத்துணைத் தாராளமாகக் கையாள்வதில்லை. நார்வே நாட்டுப் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செசிலி ஷோ ஆண்ட்ரியாசென் குழுவினர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட முகநூல் அடிமைநிலை அளவுகோல், செலவிடும் மணிக்கணக்கை வினவுவதில்லை. எந்நேரமும் அதே நினைவாயிருத்தல், மனநிலையை மாற்றிக்கொள்ள அதனை நாடுதல், நாளடைவில் கூடுதல் பயன்பாடு தேவைப்படல், தடைப்படின் அமைதியிழத்தல், படிப்பும் பணியும் கெடுதல், விட முயன்றும் மீளத் திரும்புதல் என்னும் ஆறு கூறுகளையே அது வினவுகிறது. எனவே, பணிநிமித்தம் நாள்தோறும் ஐந்து மணிநேரம் ஊடகத்தில் இருப்பவர் இவ்வளவுகோலில் குறைந்த மதிப்பெண் பெறக்கூடும். ஒரு மணிநேரமே செலவிடுபவர் மிகுதியாகப் பெறவும் கூடும். நேர மிகுதி வேறு, கட்டுப்பாட்டை இழத்தல் வேறு.

ஐங்கூற்று ஆளுமைக் கோட்பாட்டின் வழி நோக்கியபோது, உணர்ச்சி நிலையாமையும் புறமுகத்தன்மையும் இம்மதிப்பெண்ணோடு நேர்த்தொடர்பும், கடமையுணர்வு எதிர்த்தொடர்பும் கொண்டிருந்தன. முதலிரண்டும் ஒருங்கே அமைந்தது வியப்பளிக்கலாம். புறமுகத்தார் இருக்கும் நட்பை விரிக்கவும், உணர்ச்சி நிலையாமை மிக்கோர் நேரில் கிட்டாத ஆறுதலைப் பெறவும் ஒரே வாயிலை நாடுகின்றனர் எனக் கொள்ள இடமுண்டு.

உளநலத்தைப் பொறுத்தவரை, ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி ஆகியோரின் 2019ஆம் ஆண்டு ஆய்வு பரவலான அச்சத்தைத் தணிக்கிறது. மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளில், உளநல வேறுபாட்டில் மின்னணுத் தொழில்நுட்பப் பயன்பாட்டின் பங்கு மிகுதியாகக் கொண்டாலும் 0.4 விழுக்காடே. மூக்குக்கண்ணாடி அணிதல் உளநலத்தோடு கொண்ட எதிர்த்தொடர்பு இதனினும் வலுவாயிருந்தது! ஆயினும் இது சராசரி. ஒரு சிலருக்கு நேரும் பெருந்தீங்கு சராசரியில் புலப்படாது. துயரம் ஊடகத்திற்குத் தள்ளுகிறதா, ஊடகம் துயரத்திற்குத் தள்ளுகிறதா என்பதையும் இத்தகைய தொடர்பு காட்டாது.

காரணத்தை அறியச் சோதனை வேண்டும். ஹன்ட் ஆல்காட் குழுவினர், 2018ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கு, ஊதியம் அளித்து ஒரு சாராரின் முகநூல் கணக்குகளை முடக்கச் செய்தனர். குடும்பத்தாரோடும் நண்பரோடும் கழிந்த நேரம் கூடியது; தனித்துத் தொலைக்காட்சி காண்பதும் கூடியது. உளநலம் சிறிதளவு உயர்ந்தது. அரசியல் துருவப்பாடும் நாட்டுநடப்பு அறிவும் ஒருங்கே குறைந்தன. இவ்விரண்டாவது இழப்பை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். சோதனைக்காலம் முடிந்த பின்னரும் அவர்களது முகநூல் பயன்பாடு பழைய அளவிற்கு உயரவில்லை.